எந்த ஆய்வுத் துறை உண்மையில் விரைகிறது?

பழையமாணவன் (கேள்வி):

வணக்கம். இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பிழைப்புக்கு வேறு தொழில் என்றாலும், ஆண்டுக்கு ஓர் ஆய்வுத் துறையை எடுத்துக்கொண்டு, அதில் வந்த முதன்மையான கட்டுரைகளைப் பொறுமையாகப் படிக்கும் வழக்கத்தை இன்னும் விடவில்லை. 2017-இல் ஈர்ப்பு அலைகளை எடுத்துக்கொண்டேன். 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகளில் பதிவான முதல் அலையைப் பற்றி நான் படித்துக்கொண்டிருந்தபோதே, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதால் எழுந்த அலை அந்த ஆகஸ்டில் பதிவாகி, அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அலை வந்து 1.7 நொடியில் காமாக் கதிர் வெடிப்பும் வந்து சேர்ந்ததால், ஒளியும் ஈர்ப்பு அலையும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் செல்கின்றன என்பது உறுதியாகி, அதற்கு மாறாகச் சொல்லிவந்த பல ஈர்ப்புக் கோட்பாடுகள் ஒரே அளவீட்டில் கழிந்துபோயின. ஒரு துறை விரைகிறது என்று சொன்னால் இன்றும் என் நினைவுக்கு வருவது அந்த ஆண்டுதான்.

அண்மை ஆண்டுகளில் அப்படித் தேர்ந்தெடுப்பது கடினமாகிவிட்டது. கட்டுரைகள் இதழில் வருவதற்கு முன்பே வெளியாகும் ஆர்க்கைவ் தளத்தில் மட்டும் மாதத்துக்கு 20,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் சேர்கின்றன. வாரம் தவறாமல் ஏதேனும் ஒரு துறையில் 'புரட்சி' நடந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. ஆறு மாதம் கழித்துத் தேடினால் அந்தப் புரட்சியைப் பற்றிப் பேச்சே இருப்பதில்லை.

இன்றைக்கு உண்மையாகவே விரைந்து நகரும் துறைகள் எவை என்பதும், வெளியில் இருந்து படிக்கும் என் போன்றவர் உண்மையான வேகத்தையும் வெறும் ஆரவாரத்தையும் எதை வைத்துப் பிரித்தறிவது என்பதும் என் கேள்விகள். பத்துத் துறைகளின் பெயர்ப் பட்டியல் வேண்டாம்; அவரவர் அருகிலிருந்து பார்த்த துறையைப் பற்றி எழுதினால் போதும்.


சுருளிழை:

புரதங்களின் கட்டமைப்பை ஆராயும் குழு ஒன்றில் பணிபுரிகிறேன். ஆகவே என் விடையில் சொந்தத் துறையின் மீதான பாசம் கலந்திருக்கும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை, என் அனுபவத்தில், இன்னொரு கேள்வியில் இருக்கிறது: அந்தத் துறையில் ஒருவர் தவறான முடிவைச் சொன்னால், அது தவறு என்று தெரிய எவ்வளவு காலம் ஆகிறது? புரதக் கட்டமைப்பைக் கணிக்கும் துறை 2018-க்கும் 2022-க்கும் இடையே அடைந்த வேகத்துக்குக் கணினி நிரல்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்த நிரலைச் சோதித்துப் பார்க்கும் ஏற்பாடு அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே தயாராக இருந்தது என்பதை நான் அதற்கு முன்னால் வைப்பேன்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த ஒரு சங்கிலி. அது தானாகவே மடிந்து ஒரு குறிப்பிட்ட முப்பரிமாண வடிவத்தை அடைந்த பிறகுதான் பெரும்பாலும் வேலை செய்யத் தொடங்குகிறது. சங்கிலியின் எந்தக் கோணங்கள் சாத்தியம், எவை அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்வதால் சாத்தியமில்லை என்பதை ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் 1963-இலேயே வரைபடமாகத் தந்துவிட்டார்கள். எங்கள் துறையில் இன்றும் எந்தக் கட்டமைப்பு வெளிவந்தாலும் அந்த வரைபடத்தில் வைத்துத்தான் முதலில் சரிபார்க்கிறோம். மடிவதற்கு வேண்டிய தகவல் முழுவதும் அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறது என்று காட்டியதற்காகக் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சென் 1972-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் வரிசையைக் கொடுத்தால் வடிவத்தைச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. முடிந்துவிட்டது என்று சொன்னவர்கள் பலர். அவர்கள் சொன்னதைச் சரிபார்க்க வழி இல்லாததுதான் சிக்கலாக இருந்தது.

1994-இல் ஜான் மௌல்ட்டும் உடன் இருந்தவர்களும் காஸ்ப் என்ற போட்டியைத் தொடங்கினார்கள். சோதனைக்கூடத்தில் கண்டறியப்பட்டு, ஆனால் இன்னும் வெளியிடப்படாத கட்டமைப்புகளின் வரிசையை மட்டும் போட்டியாளர்களிடம் கொடுப்பார்கள். விடை வந்து சேர்ந்த பிறகு உண்மையான வடிவத்தோடு ஒப்பிட்டு 100-க்கு மதிப்பெண் போடுவார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் இந்தத் தேர்வில் யாரும் விடைத்தாளை முன்கூட்டிப் பார்த்திருக்க முடியாது. கடினமான புரதங்களில் மிகச் சிறந்த குழுக்கள்கூடப் பல ஆண்டுகள் பாதி மதிப்பெண்ணைத் தாண்டவில்லை. 2018-இல் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரல் முதலிடம் பிடித்தது. 2020-இல் அதன் இரண்டாம் பதிப்பின் நடுமதிப்பு 92.4 ஆக இருந்தது. 90-ஐ ஒட்டி வந்தாலே சோதனைக்கூட முடிவுக்கு நிகர் என்று அதற்கு முன்பே பேசிவைத்திருந்ததால், வாதமே எழவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நிரல் படித்துத் தேறிய பாடநூல், புரதத் தரவு வங்கி. 1971-இல் ஏழு கட்டமைப்புகளோடு தொடங்கிய அந்த வங்கியில் நிரலைப் பயிற்றுவித்த காலத்தில் ஏறத்தாழ 1,70,000 கட்டமைப்புகள் இருந்தன. அவற்றில் பலவற்றின் பின்னால் ஒரு ஆய்வு மாணவரின் சில ஆண்டுக் காலம் இருக்கிறது. 2022 ஜூலையில் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிப்புகள் இலவசமாக வெளியானபோது, வெளியில் இருந்தவர்களுக்கு அது திடீர்ப் பாய்ச்சலாகத் தெரிந்தது. வடிவத்தைக் காண்பதற்காகப் புரதப் படிகத்தை வளர்க்க முயன்று, அது வளராமல் போன நாட்களை எண்ணியவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. 2024-இல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி, இயற்கையில் இல்லாத புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும், மறுபாதி ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகிய இருவருக்கும் சென்றது.

இனி எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நிரல் தருவது பெரும்பாலும் ஒரு நிலைப்படம். புரதமோ அசைந்துகொண்டே வேலை செய்வது. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் வடிவம் என்ன ஆகும் என்பதை அது நம்பத்தக்க வகையில் சொல்வதில்லை. நிலையான வடிவமே இல்லாத புரதங்களும் உடலில் நிறைய உள்ளன.


மாற்றுக்கருத்து:

சுருளிழை சொல்வதோடு ஒத்துப்போகிறேன்; கட்டுரைகளின் எண்ணிக்கையை வேகமாக எண்ணிவிடக் கூடாது என்பதை மட்டும் சேர்க்கிறேன். 2015 டிசம்பரில் செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ், சிஎம்எஸ் ஆகிய இரு கருவிகளிலும் தரவு வரைபடத்தில் 750 கிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுக்கு அருகே எதிர்பாராத சிறு மேடு ஒன்று தெரிந்தது. புதிய துகளாக இருக்கலாம் என்ற நம்பிக்கையில் அடுத்த எட்டு மாதத்துக்குள் 500-க்கும் மேற்பட்ட கோட்பாட்டுக் கட்டுரைகள் வந்தன. 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் மேடு மறைந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. அது வெறும் புள்ளியியல் ஏற்ற இறக்கம். அந்த எட்டு மாதத்தில் நகர்ந்தது துறை அல்ல, தட்டச்சு மட்டுமே என்று சொன்னால் சில நண்பர்கள் என்மேல் வருத்தப்படுவார்கள்.

இதற்கு நேர்மாறானது, பலரும் கேலியாக நினைவுகூரும் எல்கே-99. 2023 ஜூலையில் தென்கொரியக் குழு ஒன்று, தாமிரம் கலந்த ஈய அபடைட்டு சாதாரண அழுத்தத்தில், அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தியாகிறது, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அறிவித்தது. செய்முறை எளிது, சாதாரண உலை போதும். ஆகவே பல நாடுகளில் அதைச் செய்து பார்த்தார்கள், ஒரு மாதத்துக்குள் விடை கிடைத்துவிட்டது. சுமார் 104 டிகிரி செல்சியசில் மின்தடை சட்டென்று குறைந்ததற்குக் காரணம், உடன் கலந்திருந்த தாமிர சல்ஃபைடு அந்த வெப்பநிலையில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்வது. கலப்பில்லாமல் வளர்த்த படிகம் மின்சாரத்தைக் கடத்தவே இல்லை. அதே மீக்கடத்தித் துறையில், மிக உயர்ந்த அழுத்தத்தில் அறை வெப்பநிலையில் மீக்கடத்துதலைக் கண்டதாக 2020-இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை 2022-இல்தான் திரும்பப் பெறப்பட்டது. இரு வைரங்களுக்கு இடையே முடியிழை அகலம்கூட இல்லாத மாதிரியை நசுக்கி அளக்கும் திறமை உலகில் சில குழுக்களிடமே இருப்பதால், அதைத் திருப்பிச் செய்து பார்ப்பது எளிதாக இல்லை. முன்னதில் ஒரு மாதம், பின்னதில் இரண்டு ஆண்டு. சுருளிழையின் அளவுகோலில் வைத்தால், கேலிக்கு ஆளான முதல் நிகழ்வுதான் துறை ஆரோக்கியமாக இருப்பதைக் காட்டுகிறது.


பழையமாணவன்:

இருவருக்கும் நன்றி. 'தவறு என்று தெரிய எவ்வளவு காலம்' என்ற அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. அப்படியானால் குவாண்டம் கணினியை எங்கே வைப்பது? பயனுள்ள கணக்கு எதையும் அது இன்னும் செய்து முடிக்கவில்லை என்கிறார்கள். ஆனால் பத்து ஆண்டுகளாக 'விரைந்து நகரும் துறை' என்ற பெயரும் அதற்கு நிலைத்திருக்கிறது. விடையைச் சரிபார்க்க முடியாத துறைக்கு இந்த அளவுகோல் பொருந்துமா?


இருநிலை:

பொருந்தும், ஆனால் பார்க்க வேண்டிய இடம் வேறு. குவாண்டம் கணினியைப் பற்றிய செய்திகளில் 'உலகின் மிகப் பெரிய கணினிக்கு இத்தனை கோடி கோடி ஆண்டுகள் ஆகும் கணக்கை ஐந்து நிமிடத்தில் முடித்தது' என்ற வரியைக் கண்டால் அதைத் தாண்டிச் சென்றுவிடுங்கள். அந்தக் கணக்கு இயந்திரத்தைச் சோதிப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது. அதன் விடை யாருக்கும் தேவைப்படுவதில்லை. நீங்கள் பின்தொடர வேண்டியது பிழைதிருத்தம்.

பீட்டர் ஷோர் 1994-இல், பெரிய எண்களைக் காரணிப்படுத்தக் குவாண்டம் கணினிக்கு விரைவான வழி உண்டு என்று காட்டினார். இன்றைய மறையாக்கத்தின் பெரும்பகுதி அந்தக் காரணிப்படுத்தல் கடினம் என்பதை நம்பியே இருப்பதால், துறைக்குப் பணமும் கவனமும் அன்றிலிருந்து வந்தன. தடையாக இருந்தது, குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகான கியூபிட்டின் இயல்பு. இன்றைய நல்ல கியூபிட்டுகள்கூட ஏறத்தாழ ஆயிரம் செயல்களுக்கு ஒரு முறை பிழை செய்கின்றன. ஷோரின் வழிமுறைக்கோ கோடிக்கணக்கான செயல்கள் பிழையின்றி நடக்க வேண்டும். எனவே பல பௌதிகக் கியூபிட்டுகளைக் கூட்டி, ஒரே ஒரு தருக்கக் கியூபிட்டாக நடத்தி, உள்ளிருக்கும் தகவலைத் தொடாமலேயே பிழையை மட்டும் கண்டறிந்து திருத்துகிறார்கள். இதில் ஒரு வாசல் உண்டு. ஒவ்வொரு கியூபிட்டின் பிழையும் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால், கூட்டத்தைப் பெருக்கப் பெருக்கப் பிழை குறையும். அந்த அளவுக்கு மேலே இருந்தால், கூட்டத்தைப் பெருக்கினால் பிழையும் பெருகும். கூட்டத்தைச் சிறிதிலிருந்து பெரிதாக்கிப் பிழை ஏறுகிறதா இறங்குகிறதா என்று அளந்துவிடலாம். நீங்கள் கேட்ட சரிபார்ப்பு அதுதான். இயந்திரம் பயனுள்ள கணக்கைச் செய்யும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

2024 டிசம்பரில் கூகுள் குழு 105 கியூபிட்டுகள் கொண்ட வில்லோ சில்லில் அதைச் செய்து காட்டியது. 3×3, 5×5, 7×7 என்று கட்டம் பெரிதான ஒவ்வொரு படியிலும் தருக்கக் கியூபிட்டின் பிழை பாதிக்கும் கீழே குறைந்தது. துல்லியமாகச் சொன்னால் 2.14 மடங்கு. மிகப் பெரிய கட்டத்தில் ஒரு சுற்றுக்கு 0.143 சதவீதம். மூன்றே புள்ளிகள்தான், ஆனால் மூன்றும் ஒரே திசையைக் காட்டின. அங்கே காட்டப்பட்டது தகவலைப் பாதுகாத்து வைக்கும் நினைவகம் மட்டுமே என்பதையும், அந்தத் தருக்கக் கியூபிட்டுகளைக் கொண்டு கணக்குப் போடுவது அடுத்த கட்டம் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருக்க, எட்ட வேண்டிய இலக்கு மறுபக்கம் இறங்கிவருகிறது. 2048 பிட் நீளமுள்ள ஆர்எஸ்ஏ மறையாக்கச் சாவியை உடைக்கப் பிழையுள்ள கியூபிட்டுகள் 2 கோடியும் 8 மணி நேரமும் தேவை என்று 2019-இல் கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் எக்கெராவும் கணக்கிட்டார்கள். அதே கிட்னி 2025 மே மாதத்தில், ஒரு வாரம் பொறுத்திருந்தால் 10 லட்சத்துக்கும் குறைவான கியூபிட்டுகள் போதும் என்று எழுதினார். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் வன்பொருள் எதையும் தொடாமல், கணக்குப் போடும் முறையை மட்டும் செம்மைப்படுத்திக் கிடைத்த குறைப்பு இது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டிலேயே குவாண்டம் தாக்குதலைத் தாங்கும் மூன்று மறையாக்கத் தரங்களை வெளியிட்டதற்குக் காரணம் பதற்றம் அல்ல. இன்று இடைமறித்துச் சேமித்த செய்தியை இயந்திரம் வரும் நாளில் திறந்து படிக்கலாம் என்பதால், பூட்டை மாற்றும் வேலையை முன்கூட்டியே தொடங்க வேண்டியிருக்கிறது.


அரைவேக்காடு:

மேலே சொன்ன அளவுகோலில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. ஒரே துறைக்குள் இரண்டு சோதனைகள் இருந்து, ஒன்று ஒரு மாலையில் முடிவதாகவும் மற்றொன்று இருபது ஆண்டு எடுப்பதாகவும் இருந்தால், அந்தத் துறையை விரைவானது என்பீர்களா, மெதுவானது என்பீர்களா? நான் சூரிய மின்கலப் பொருள்களில் வேலை செய்கிறேன். அன்றாடம் இந்த இரட்டை வாழ்க்கைதான்.

பெரோவ்ஸ்கைட்டு என்ற படிக அமைப்புடைய பொருளைக் கொண்டு சுட்டோமு மியாசாகாவின் குழு 2009-இல் செய்த முதல் மின்கலத்தின் செயல்திறன் 3.8 சதவீதம். இன்று ஒற்றை அடுக்குக் கலம் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சிலிக்கானின் மேல் பெரோவ்ஸ்கைட்டைப் படியவைத்த இரட்டை அடுக்குக் கலத்தில் லோங்கி நிறுவனம் 2025 ஏப்ரலில் 34.85 சதவீதத்தைப் பதிவு செய்தது. சிலிக்கான் தனியாக எவ்வளவு முயன்றாலும் கோட்பாட்டளவில் ஏறத்தாழ 29.4 சதவீதத்தைத் தாண்ட முடியாது என்பதை வைத்துப் பார்த்தால் இதன் எடை தெரியும். கரைசலைத் தட்டில் ஊற்றிச் சுழற்றிச் சூடாக்கினால் கலம் தயார். காலையில் ஒரு கலவையை மாற்றினால் மாலையில் செயல்திறன் எண் கையில் இருக்கும். அந்த எண்ணையும் சுதந்திரமான ஆய்வகம் ஒன்று சான்றளிக்க வேண்டும். வேகத்துக்கு வேறு இரகசியம் இல்லை.

ஆனால் கூரையில் ஏறும் சிலிக்கான் தகடுகளுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். பெரோவ்ஸ்கைட்டோ ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் ஒளிக்கும் அஞ்சும் பொருள். 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம் வைத்துப் பார்க்கும் தரச் சோதனை சிலிக்கானுக்காக உருவானது. சிலிக்கான் எப்படிப் பழுதாகும் என்பதைப் பல பத்தாண்டுகள் வெளியில் வைத்துப் பார்த்திருப்பதால் அந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு. பெரோவ்ஸ்கைட்டில் அயனிகளே உள்ளுக்குள் இடம் பெயர்கின்றன. பகலில் சரிந்த திறன் இரவில் ஓரளவு மீள்வதும் உண்டு. ஆகவே அடுப்பில் வைத்து அவசரப்படுத்திய சோதனை, வெயிலில் கிடக்கப்போகும் இருபது ஆண்டை எந்த அளவுக்குச் சொல்லும் என்பதே ஆய்வுப் பொருளாக இருக்கிறது. செயல்திறன் வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு 'சிலிக்கானின் காலம் முடிந்தது' என்று எழுதுபவர்கள் இந்தப் பாதியைப் படிப்பதில்லை. கலத்தில் உள்ள ஈயத்தை என்ன செய்வது என்பது இன்னொரு நீண்ட பேச்சு. அதை இங்கே தொடவில்லை.

மரபணுத் திருத்தத்திலும் இதே இரட்டைக் கடிகாரம்தான். என் துறை அல்ல என்றாலும் நெருக்கமாகப் படித்துவருகிறேன். பின்னாளில் கிரிஸ்பர் என்று பெயர் பெற்ற, பாக்டீரியாவின் மரபணுவில் விசித்திரமாகத் திரும்பத் திரும்ப வரும் வரிசைகள் 1987-இல் ஜப்பானில் கண்ணில் பட்டன. எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. அவை வைரசுகளுக்கு எதிரான தற்காப்பு என்பது 2007-இல் சோதனை மூலம் உறுதியானது. ஜெனிபர் டவுட்னாவும் எம்மானுவேல் சார்பென்டியேவும் 2012-இல் அதை விரும்பிய இடத்தில் வெட்டும் கருவியாக மாற்றிக் காட்டினார்கள். 2013-இல் மனித உயிரணுக்களில் அது வேலை செய்தது. அரிவாள் செல் சோகைக்கும் பீட்டா தலசீமியாவுக்குமான கிரிஸ்பர் சிகிச்சைக்கு 2023 நவம்பர் 16 அன்று பிரிட்டன் ஒப்புதல் தந்தது. நோயாளியின் எலும்பு மச்சைக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, கருவில் இருக்கும்போது மட்டும் சுரக்கும் ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியை வெட்டி, பழைய மச்சையைக் கடுமையான மருந்தால் அழித்துவிட்டு, திருத்திய அணுக்களைத் திருப்பிச் செலுத்துகிறார்கள். பழுதான மரபணுவை நேரடியாகச் சரிசெய்யாமல், உடல் மறந்துவிட்ட வேறொரு வழியைத் திறந்துவிடுவதால் என்னைக் கவர்ந்த உத்தி இது.

2025 மே மாதத்தில் இன்னும் விரைவான செய்தி வந்தது: பிறவியிலேயே கல்லீரல் நொதி ஒன்று குறைபட்டிருந்த குழந்தைக்கு, அந்த ஒரு குழந்தையின் எழுத்துப்பிழையை மட்டும் திருத்தும் மருந்தை ஏறத்தாழ ஆறு மாதத்துக்குள் வடிவமைத்துச் செலுத்தியிருந்தார்கள். படித்தபோது உண்மையாகவே மெய்சிலிர்த்தது. ஆனால் மரபணுவைத் திருத்தும் சிகிச்சை பெற்றவர்களை 15 ஆண்டு வரை தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பரிந்துரைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தவறான இடத்தில் விழுந்த வெட்டு என்ன செய்யும் என்பது வெட்டிய அன்றே தெரிவதில்லை.


தொலைநோக்கி:

அரைவேக்காடு சொல்லும் இரட்டைக் கடிகாரத்தோடு மூன்றாவது ஒன்றையும் வைக்க வேண்டும்: அளவீடு சரியாக இருந்து, எதோடு ஒப்பிடுகிறோமோ அது நகர்ந்துவிடுவது. எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான மியுவான் என்ற துகளின் காந்தத் திருப்புத்திறனை ஃபெர்மி ஆய்வகம் 2021-இல் அளந்து வெளியிட்டபோது, கோட்பாடு சொன்ன மதிப்பிலிருந்து அது 4.2 சிக்மா (தற்செயலாக இருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதைக் காட்டும் அளவு) விலகியிருந்தது. புதிய இயற்பியலின் வாசல் திறந்துவிட்டது என்று எல்லாரும் எழுதினோம், நான் உட்பட. 2025 ஜூனில் வந்த இறுதி அளவீடு முந்தையதை அப்படியே உறுதி செய்தது. இடைப்பட்ட காலத்தில் மாறியது கோட்பாடு. வலுவான விசையின் பங்கைக் காலவெளியைக் கட்டங்களாகப் பிரித்து மீத்திறன் கணினியில் நேரடியாகக் கணக்கிடும் முறை முதிர்ந்ததும், கோட்பாட்டின் மதிப்பே அளவீட்டின் பக்கம் வந்துவிட்டது. பழைய கணக்கு ஏன் விலகியது என்ற கேள்விக்கு இன்னும் விடை தேடுகிறார்கள்.

நீங்கள் இயற்பியல் படித்தவர் என்பதால், இப்போது எங்கள் பக்கத்தில் நடப்பதையும் கவனிக்கச் சொல்வேன். தெசி என்ற கருவி 5,000 ஒளியிழைகளைக் கொண்டு, ஒரே நேரத்தில் அத்தனை விண்மீன் திரள்களின் நிறமாலையை எடுக்கிறது. 2025 மார்ச்சில், ஏறத்தாழ 1.5 கோடி திரள்களையும் குவேசார்களையும் வைத்து, பிரபஞ்சம் விரிவதை விரைவுபடுத்தும் கரும் ஆற்றல் மாறிலியாக இல்லாமல் காலப்போக்கில் வலுவிழந்து வரக்கூடும் என்ற குறிப்பை வெளியிட்டார்கள். எந்த மீவிண்மீன் வெடிப்புத் தொகுப்பைச் சேர்த்துக் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து அது 2.8 சிக்மாவிலிருந்து 4.2 சிக்மா வரை மாறுகிறது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க வேண்டிய ஐந்தைத் தொடவில்லை. தொகுப்பை மாற்றினால் எண் இத்தனை அசைவதே எச்சரிக்கைக்குப் போதும். ஆனால் 1998-இல் கரும் ஆற்றல் கண்டறியப்பட்ட பிறகு, அதன் இயல்பைப் பற்றி ஏதேனும் சொல்லும் தரவு இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறது. யூக்ளிட் விண்கலமும் ரூபின் வானாய்வகமும் வேறு முறைகளையும் கொண்டு இதையே அளக்கப்போகின்றன.


பழையமாணவன்:

எதிர்பார்த்ததைவிட மிகுதியாகக் கிடைத்துவிட்டது. இந்த ஆண்டுக்குக் குவாண்டம் பிழைதிருத்தத்தை எடுத்துக்கொள்கிறேன். கட்டத்தைப் பெருக்கிப் பிழை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனை, என் பழைய பாடங்களைக் கொண்டே புரிந்துகொள்ளக்கூடியதாகத் தெரிகிறது. கரும் ஆற்றலை அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்கிறேன்; அதற்குள் தரவும் கூடியிருக்கும். தொலைநோக்கி அவர்கள் 'நான் உட்பட' என்று எழுதியதற்குத் தனியாக ஒரு வணக்கம்.

சுருளிழை அவர்களிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். உயிரியலில் எனக்கு அடிப்படையே கிடையாது. ஆல்ஃபாஃபோல்டின் முடிவை எப்போது நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்பதைக் கட்டுரை படிக்காமல், கண்ணால் பார்த்தே உணர வழி உண்டா?


சுருளிழை:

உண்டு, ஒரு மாலைப்பொழுது போதும். கணிப்புத் தரவுத்தளத்தில் முதலில் மயோகுளோபினைத் திறந்து பாருங்கள். 1958-இல் ஜான் கெண்ட்ரூ முதன்முதலில் கண்ட புரத வடிவம் அது. படம் முழுக்க நீல நிறமாக இருக்கும். நீலம் என்றால் நிரல் தன் விடையில் உறுதியாக இருக்கிறது என்று பொருள், மஞ்சளும் ஆரஞ்சும் அதற்கே நம்பிக்கை இல்லாத இடங்கள். சோதனைக்கூட வடிவத்தோடு ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் பிரித்துச் சொல்வதே கடினம்.

அடுத்து, பார்கின்சன் நோயில் பேசப்படும் ஆல்ஃபா-சினுக்ளீனைத் திறந்து பாருங்கள். நீர்க்கரைசலில் தனியாக இருக்கும்போது இந்தப் புரதத்துக்கு நிலையான வடிவமே கிடையாது. ஆனால் நிரல் அதற்கு ஒரு நீண்ட சுருளை வரைந்திருக்கும், அதன் பெரும்பகுதியில் நம்பிக்கையும் குறைவாக இருக்காது. அந்தச் சுருள் கற்பனை அல்ல. உயிரணுவின் சவ்வில் ஒட்டிக்கொள்ளும்போது இந்தப் புரதம் எடுக்கும் வடிவத்தை அது பெரிதும் ஒத்திருக்கிறது. எந்தச் சூழலில் என்ற தகவல் மட்டும் படத்தில் எங்கும் இருக்காது.